வேதாகமத்தைத் தமிழாக்கிவிட்டு 'வேண்டாம்' என்றவர்

ஆறுமுக நாவலரைப் பற்றி எங்கள் சபைப் பிரசங்கங்களில் ஒரு வார்த்தைகூடக் கேட்டதில்லை. அவர் சைவர்களின் ஆள், நமக்கென்ன என்று விட்டுவிட்டோம் போல. சுவிசேஷம் சொல்ல ஆசைப்படுகிற தமிழ்க் கிறிஸ்தவர்கள் முதலில் தெரிந்துகொள்ள வேண்டிய ஆள் அவர்தான் என்பது என் கட்சி.

நாவலர் 1822இல் யாழ்ப்பாணம் நல்லூரில் பிறந்தார். வெஸ்லியன் மிஷன் பள்ளிக்கூடத்தில் இங்கிலீஷ் படித்து, அங்கேயே வாத்தியாராகவும் ஆனார். பள்ளியை நடத்திய பீட்டர் பெர்சிவல் பாதிரியாரின் கையில் அப்போது ஒரு பெரிய வேலை இருந்தது. வேதாகமத்தை நல்ல தமிழில் கொண்டுவர வேண்டும். அதற்கு அவர் துணைக்கு உட்காரவைத்தது விபூதி பூசிக்கொண்டு வரும் இந்த இளைஞரை. ஞானஸ்நானம் எடுத்தால்தான் வேலை என்று பெர்சிவல் சொல்லவில்லை. விபூதியை அழித்துவிட்டு வா என்றும் சொல்லவில்லை. மொழிபெயர்ப்பைத் தூக்கிக்கொண்டு இருவரும் சென்னைக்குப் போனதும், தமிழ் சரியாக இருக்கிறதா என்று தமிழ் வித்துவான் மகாலிங்கையரிடம் காட்டியதும், அவர் பாராட்டியதும் நாவலர் வரலாற்றை எழுதியவர்கள் பலரும் சொல்லும் கதை. 1850இல் அந்த வேதாகமம் அச்சாகி வந்தது.

அதற்குள் நாவலர் மிஷனை விட்டுப் போய்விட்டார். 1847 டிசம்பர் 31 அன்று வண்ணார்பண்ணைச் சிவன் கோயிலில் அவருடைய முதல் சைவப் பிரசங்கம். அடுத்த வருஷம் மிஷன் வேலையை விட்டுவிட்டு சைவப் பள்ளிக்கூடம் தொடங்கினார். அதற்கடுத்த வருஷம் அச்சுக்கூடம். பள்ளிக்கூடம், அச்சு, வாரம் தவறாத பிரசங்கம், எளிய வசன நடையில் புத்தகம் என்று மிஷனரிகள் வேலை செய்த விதம் அத்தனையையும் பக்கத்தில் இருந்து பார்த்து, அதைக்கொண்டே அவர்களை எதிர்த்தார்.

நான் யோசிப்பது இதைத்தான். கிறிஸ்துவைப் பற்றி ஒருவருக்கு எதைச் சொல்ல முடியுமோ அது எல்லாம் நாவலருக்குத் தெரியும். மலைப்பிரசங்கம் தெரியும், கெட்ட குமாரன் கதை தெரியும், சிலுவைப்பாடு தெரியும். ஒவ்வொரு வசனத்துக்கும் தமிழ்ச் சொல் தேடி மண்டையை உடைத்துக்கொண்டவர். எங்கள் சபையில் முன் வரிசையில் உட்காரும் பலரைவிட அவருக்கு வேதம் அத்துப்படி. அப்படிப்பட்டவர், எல்லாவற்றையும் கேட்டு முடித்துவிட்டு, எனக்கு என் சிவன் போதும் என்று எழுந்து போனார். 'அவர்களுக்கு யாரும் சொல்லவில்லை, அதனால்தான் இப்படி இருக்கிறார்கள்' என்று மிஷனரிக் கூட்டங்களில் சொல்வார்களே, அந்தக் கணக்கு இவரிடம் செல்லாது.

என்னைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். எனக்கு ஊர் பாளையங்கோட்டை. பெண்கள் பள்ளியில் தமிழ் டீச்சராக இருந்து ரிட்டயர் ஆனவள். சிஎஸ்ஐ. பாட்டியின் பாட்டி காலத்தில் மெஞ்ஞானபுரம் பக்கம் தேரிக்காட்டு ஊர் ஒன்றில் பனையேறிக் குடும்பமாக இருந்தவர்கள் வேதத்துக்கு வந்தார்கள். ஏன் வந்தார்கள் என்று கேட்டால் எங்கள் வீட்டிலேயே பல பதில் உண்டு. பண்ணையார் தொல்லைக்கு எதிராகப் பாதிரியார் பேசினார் என்பது ஒன்று. பெண் பிள்ளைக்கு எழுத்துச் சொல்லிக்கொடுத்தார்கள் என்பது இன்னொன்று. பேய்க்குப் பயந்து பயந்து செத்த மனுஷி, பயப்படாதே என்று சொன்ன ஒரு சாமியைக் கண்டுகொண்டாள் என்பது என் ஆச்சி சொன்னது. மூன்றும் உண்மையாக இருக்கலாம். 'அரிசிக் கிறிஸ்தவர்கள்' என்று யாராவது கிண்டல் செய்தால் எனக்குக் கோபம் வரும், ஆனால் வெட்கம் வராது. பசித்தவனுக்குச் சோறு போட்ட இடத்தில் அவன் தங்கிவிட்டால் அதில் என்ன கேவலம்?

அதனால், மற்ற மதத்தவருக்குச் சுவிசேஷம் சொல்வதே தப்பு என்று பேசுகிறவர்களோடு என்னால் சேர முடியாது. யாரோ ஒருவர் வந்து சொல்லாமல் இருந்திருந்தால் நான் இல்லை. 'நானே வழியும் சத்தியமும் ஜீவனுமாயிருக்கிறேன். என்னாலேயல்லாமல் ஒருவனும் பிதாவினிடத்தில் வரான்' என்ற வசனத்தை நான் மழுப்புவதும் இல்லை. விசுவாசிக்கிறேன். எல்லா ஆறும் ஒரே கடலில்தான் போய்ச் சேருகிறது என்று கல்யாண வீட்டில் யாராவது ஆரம்பித்தால் பேச்சை மாற்றிவிடுவேன். அது பெருந்தன்மை மாதிரித் தெரியும். உண்மையில் யார் சொல்வதையும் காதில் போட்டுக்கொள்ளாமல் இருப்பதற்கு அது ஒரு வழி. சைவ சித்தாந்தி ஒருவரிடம் போய் உங்கள் பதியும் எங்கள் பிதாவும் ஒன்றுதான், விடுங்கள் என்றால் அவர் ஒத்துக்கொள்வாரா? அவர்களுடைய சாத்திர நூலான சிவஞான சித்தியாரில் பரபக்கம் என்று ஒரு பாதியே மற்ற மதங்களை மறுப்பதற்காக எழுதப்பட்டது.

மத வாதம் வெள்ளைக்காரன் கப்பலில் வந்தது என்று நினைப்பவர்களுக்கும் ஒன்று சொல்ல வேண்டும். பன்னிரண்டாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு மணிமேகலை நடத்தும்போதெல்லாம் எனக்கு வஞ்சி நகரத்துக் காதைதான் பிடிக்கும். சமயக் கணக்கர்கள் ஒவ்வொருவரிடமும் போய் உன் கொள்கை என்ன என்று கேட்டுவிட்டு வருகிறாள் மணிமேகலை. பௌத்தத்துக்குக் குண்டலகேசி, அதை மறுக்கச் சமணர்களின் நீலகேசி. நம் ஊரில் ஆள் ஆளுக்கு வாதாடித்தான் இருக்கிறார்கள். ஆனால் எதிராளி என்ன சொல்கிறான் என்று முழுசாகத் தெரிந்துகொண்டு வாதாடினார்கள். நாம் அதைத்தான் விட்டுவிட்டோம்.

எங்கள் ஆட்கள் பஸ் ஸ்டாண்டில் கொடுக்கும் கைப்பிரதிகள் சிலவற்றை வாங்கிப் பார்த்திருக்கிறேன். 'இருளில் இருக்கும் ஜனங்களே' என்று தொடங்கும். நெல்லையப்பர் கோயிலில் விடியற்காலை தேவாரம் கேட்டு நெஞ்சுருகி வெளியே வரும் ஒரு மனுஷியின் கையில் இதைத் திணித்தால் அவள் என்ன நினைப்பாள்? ஜெபக் கூட்டத்தில் ஒரு தம்பி, 'புறமதத்தாருக்கு நம்பிக்கையே கிடையாது, பயம் மட்டும்தான்' என்று சொன்னார். தம்பி, அப்பர் தேவாரம் ஒரு பதிகமாவது படித்திருக்கிறீர்களா என்று கேட்டேன். இல்லை அக்கா, அதை ஏன் நாம் படிக்க வேண்டும் என்றார். 'நாமார்க்கும் குடியல்லோம் நமனை யஞ்சோம்' என்று பாடிய ஆளுக்கா பயம்!

இந்த இடத்தில் எனக்கு டி.டி. நைல்ஸ் ஞாபகம் வருகிறார். அவரும் யாழ்ப்பாணத் தமிழர்தான். நாவலர் படித்த பள்ளியை நடத்திய அதே மெதடிஸ்ட் மரபில் வந்தவர், உலகம் சுற்றிச் சுவிசேஷம் சொன்னவர். 1935இல் கார்ல் பார்த் என்ற பெரிய ஜெர்மன் மொழி இறையியல் அறிஞரைச் சந்தித்தாராம். பேச்சுக்கு நடுவே, மற்ற மதங்கள் எல்லாம் அவிசுவாசம்தான் என்றார் பார்த். நீங்கள் இந்துக்கள் யாரையாவது சந்தித்திருக்கிறீர்களா என்று நைல்ஸ் கேட்டார். இல்லை என்றார். அப்படியானால் இந்து மதம் அவிசுவாசம் என்று எப்படித் தெரியும்? பார்க்காமலே தெரியும் என்றாராம் பார்த். நான் தலையை இடவலமாக ஆட்டினேன், சிரித்தேன் என்று நைல்ஸ் பிற்பாடு எழுதினார். பார்த்தாவது ஐரோப்பாவில் இருந்தார், இந்துவைப் பார்க்க வாய்ப்பில்லை. பாளையங்கோட்டையில் இருந்துகொண்டு நாம் பார்க்காமலே தெரியும் என்றால் என்ன சொல்ல?

பார்த்த ஆட்கள் எப்படி இருந்தார்கள் என்பதும் தெரிந்த கதைதான். ஜெர்மன் மிஷனரி சீகன்பால்கு 1706இல் தரங்கம்பாடியில் இறங்கினார். கொன்றை வேந்தனையும் உலக நீதியையும் நீதி வெண்பாவையும் ஜெர்மனில் பெயர்த்தார். இங்கே உள்ளவர்கள் எந்தெந்தத் தெய்வத்தை எப்படி வணங்குகிறார்கள் என்று அவர்களிடமே கேட்டு 1713இல் ஒரு பெரிய நூல் எழுதி ஜெர்மனியின் ஹாலே நகரத்துக்கு அனுப்பினார். அங்கே இருந்த பெரியவர்களுக்கு அது பிடிக்கவில்லை. உங்களை அனுப்பியது அஞ்ஞானத்தை ஒழிக்க, அதை ஐரோப்பாவில் பரப்புவதற்கு இல்லை என்பது அவர்கள் நிலை. 1867இல்தான் அது சென்னையில் அச்சானது. அவர் இறந்து ஏறக்குறைய நூற்றைம்பது வருஷம் கழித்து. சீகன்பால்கு ஒன்றும் எல்லா மதமும் சம்மதம் என்ற ஆள் இல்லை. விக்கிரக வழிபாட்டைக் கடுமையாகவே எழுதியிருக்கிறார். ஆனால் கேட்டுவிட்டு எழுதினார்.

சரி, என் கதைக்கு வருகிறேன்.

எங்கள் பள்ளியில் கணக்கு டீச்சர் ஒருவர் இருந்தார். சைவப் பிள்ளைமார் வீடு, டவுனில் ரத வீதிக்குப் பின்னால். ஸ்டாஃப் ரூமில் என் பக்கத்து நாற்காலி. மார்கழியில் திருவாதிரைக்கு எனக்கு ஒரு டப்பாவில் களியும் கூட்டும் வரும். கிறிஸ்மஸுக்கு எங்கள் வீட்டு முந்திரிக்கொத்து அவர் வீட்டுக்குப் போகும். இந்தக் களி விஷயத்தில் எங்கள் வீட்டில் இரண்டு கட்சி இருந்தது. நடராஜருக்குப் படைத்தது, நாம் சாப்பிடக்கூடாது என்பார் அம்மா. நான் சாப்பிடுவேன். இரண்டு பேரும் பவுலைத்தான் சாட்சிக்கு இழுப்போம். கொரிந்தியர் நிருபத்தில் அவர் இரண்டு பக்கமும் பேசியிருப்பது எங்களுக்கு வசதி. ஒரு பந்திக்கு அழைத்தால் ஒன்றும் விசாரிக்காமல் சாப்பிடு என்கிறார், படைத்தது என்று யாராவது சொன்னால் சாப்பிடாதே என்றும் சொல்கிறார். அதுவும் சொன்னவனுடைய மனச்சாட்சிக்காக. அம்மா கடைசிவரை தொடவில்லை, ஆனால் டப்பாவைக் கழுவி அதில் ஏதாவது பலகாரம் போடாமல் திருப்பி அனுப்பவும் மாட்டார். எனக்கு அந்த இரண்டும் சேர்ந்துதான் அம்மா. கணக்கு டீச்சரும் களி கொடுப்பாரே தவிர விபூதியை நீட்டியதில்லை. எதுவரை என்று அவருக்குத் தெரியும்.

என் தம்பி ஒரு விபத்தில் இறந்தபோது அவர் வீட்டுக்காரரோடு அடக்க ஆராதனைக்கு வந்தார், கல்லறைத் தோட்டம்வரை வந்தார். சில வருஷம் கழித்து அவர் வீட்டுக்காரரும் போய்விட்டார். அதற்கப்புறம் ஒரு நாள் மத்தியான சாப்பாட்டு நேரம், திடீரென்று கேட்டார். "டீச்சர், உங்க தம்பி அடக்கத்துல எல்லாரும் நின்னு பாடினீங்களே. அது எப்படி முடிஞ்சுது உங்களுக்கு?"

சொன்னேன். பரிசேயரும் பவுலும் தத்துவமும் இல்லாமல், எனக்குத் தெரிந்ததை. இயேசுவின் கல்லறை காலியாக இருந்தது என்று ஒரு பெண் ஓடிவந்து சொன்னதைத்தான் நாங்கள் நம்புகிறோம் என்றேன். தம்பியை மறுபடி பார்ப்பேன் என்பதில் எனக்குச் சந்தேகம் இல்லை என்றேன். செத்தவர் எழுந்ததும் அவள் அவரைத் தோட்டக்காரன் என்று நினைத்துக்கொண்டதும், அவர் பெயர் சொல்லிக் கூப்பிட்டதும் சொன்னேன். பெல் அடிக்கும்வரை பேசினேன். கேட்டுக்கொண்டே இருந்தார்.

மறுநாள் வந்து அவர் கேட்டது இது. "உங்க தம்பி மாதிரி எங்க வீட்டுக்காரரும் நல்ல மனுஷன்தான். அவரு எங்க இருக்காருன்னு உங்க வேதம் சொல்லுது?"

இதற்கு ஒரு ரெடிமேட் பதில் உண்டு. ஞாயிறு பள்ளியில் எனக்குச் சொல்லிக்கொடுத்ததுதான். அதை நான் சொல்லவில்லை. "எனக்குத் தெரியாது டீச்சர். இயேசுவைத் தெரியும். அவர் அநியாயம் பண்ணமாட்டார்னு தெரியும். அதுக்கு மேல தீர்ப்புச் சொல்ற வேலை எனக்குக் கொடுக்கப்படலை" என்றேன். 'சர்வலோக நியாயாதிபதி நீதி செய்யாதிருப்பாரோ' என்று சோதோமுக்காக வாதாடும்போது ஆபிரகாம் கேட்டாரே, அந்தக் கேள்வியைப் பிடித்துக்கொண்டுதான் அன்று உட்கார்ந்திருந்தேன். பின்னால் இதைக் கேள்விப்பட்ட எங்கள் பெண்கள் ஐக்கிய சங்கத்து அக்கா ஒருவர், நல்ல சந்தர்ப்பத்தை விட்டுவிட்டாயே, சத்தியத்தை நேராகச் சொல்லியிருக்க வேண்டாமா என்றார். நான் சத்தியம் பேசியதாகத்தான் நினைக்கிறேன். யூதரல்லாத ரோமப் படை அதிகாரி கொர்நேலியுவையும் தேவன் ஏற்றுக்கொள்வார் என்பது, அவன் வீட்டு வாசலுக்கு வருவதற்குச் சில நாள் முன்புவரை பேதுருவுக்கே தெரியாது. நான் எம்மாத்திரம்?

கணக்கு டீச்சர் அப்புறம் நிதானமாகச் சொன்னார். "நீங்க சொன்னது எல்லாம் மனசுக்கு நல்லா இருக்கு. ஆனா எனக்கு எங்க அப்பன் இருக்கான் டீச்சர்." அவ்வளவுதான். அதற்குப் பின் திருவாதிரைக்குக் களி நிற்கவில்லை, கிறிஸ்மஸுக்கு முந்திரிக்கொத்தும் நிற்கவில்லை. எங்கள் சபை அசனத்துக்கு, அதாவது சபை விருந்துக்கு, அவர் பேரனைக் கூட்டிக்கொண்டு வருவார், அவர் சைவம் என்பதால் அவருக்கு மட்டும் வீட்டில் சமைத்து வைப்பேன், பேரன் ஒளித்து ஒளித்து கறி கேட்பான். அவருக்காக நான் ஜெபிக்கிறேன், அது அவருக்கும் தெரியும். அவர் எனக்காக நெல்லையப்பரிடம் என்ன கேட்கிறார் என்று நான் கேட்டதில்லை.

கிரேக்க நாட்டு அத்தேனே பட்டணத்தில் பவுல் செய்த பிரசங்கத்தை எடுத்துப் பாருங்கள். ஊர் நிறைய விக்கிரகங்களைப் பார்த்துப் பவுலுக்கு உள்ளே கொதிக்கிறது, அப்போஸ்தலர் நடபடிகள் அதை மறைக்கவில்லை. ஆனால் வாயைத் திறக்கும்போது, உங்கள் ஊரில் 'அறியப்படாத தேவனுக்கு' என்று ஒரு பலிபீடம் பார்த்தேன் என்று ஆரம்பிக்கிறார். அவர்களுடைய கவிஞர்களின் வரியை எடுத்துச் சொல்கிறார். தெருத் தெருவாகச் சுற்றி, கல்வெட்டைப் படித்து, அவர்கள் பாட்டைத் தெரிந்துகொண்டு வந்த ஆள் பேசுகிற பேச்சு அது. முடிவில் சிலர் கிண்டல் செய்தார்கள், சிலர் இன்னொரு நாள் கேட்கிறோம் என்றார்கள், சிலர் விசுவாசித்தார்கள். பவுல் கிளம்பிப் போய்விட்டார். கிண்டல் செய்தவர்களைத் துரத்திக்கொண்டு ஓடவில்லை.

நாவலர் 1854இல் சைவ தூஷண பரிகாரம் என்று ஒரு புத்தகம் போட்டார். மிஷனரிகள் சைவத்தைத் திட்டி எழுதியதற்குப் பதில். அதில் அவர் எடுத்த ஆயுதமே வேதாகமம்தான். உங்கள் பழைய ஏற்பாட்டு ஆசரிப்புக் கூடாரத்தில் தூபம் இல்லையா, விளக்கு இல்லையா, அபிஷேகத் தைலம் இல்லையா, ஆசாரியன் இல்லையா? அதெல்லாம் தேவன் கட்டளை என்றால் எங்கள் கோயிலைப் பார்த்து ஏன் சிரிக்கிறீர்கள்? இதற்குக் கிறிஸ்தவப் பதில் உண்டு, எபிரெயர் நிருபம் முழுக்க அதுதான். ஆனால் சிரிக்காமல் இருந்திருந்தால் இந்தக் கேள்வியே வந்திருக்காது. நாம் எறிந்ததைத்தான் அவர் திருப்பி எறிந்தார். யாரையும் இழிவுபடுத்தாமல் வேலை வாங்கிய பெர்சிவலிடம் அவர் வருஷக்கணக்கில் இருந்தார் என்பதையும் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும்.

நாவலரை நான் கோயில் கட்டிக் கும்பிடவில்லை. சாதி விஷயத்தில் அவர் பழைய கட்டுப்பாட்டின் பக்கம்தான் நின்றார். அதைச் சொல்ல நமக்கு வாய் இருக்கிறதா என்றால், அதுவும் இல்லை. எங்கள் மாவட்டத்து வடக்கன்குளத்தில் கத்தோலிக்கக் கோயிலுக்குள்ளேயே சாதிக்கு ஒரு பக்கமாக நடுவில் சுவர் இருந்தது. 1910இல்தான் அதை இடித்தார்கள், இடித்த பாதிரிமார்மேல் வழக்கும் வந்தது. எங்கள் புராட்டஸ்டண்ட் கதையும் சுத்தம் இல்லை. இன்றைக்கும் திருமண விளம்பரத்தில் இரட்சிக்கப்பட்ட வரன் தேவை என்று எழுதிவிட்டு அடுத்த வரியில் சாதியைப் போடுகிறோம். ஒருவனை மார்க்கத்தானாக்கச் சமுத்திரத்தையும் பூமியையும் சுற்றித்திரிகிறீர்களே என்று இயேசு திட்டியது வெளியாரை இல்லை.

நாவலர் 'வேண்டாம்' என்ற அதே தலைமுறையில் எங்கள் ஊர்ப்பக்கம் ஒருவர் 'ஆம்' என்றார். கரையிருப்புக் கிருஷ்ண பிள்ளை, 1827இல் பிறந்த வைணவர். சாயர்புரத்தில் மிஷன் பள்ளித் தமிழாசிரியராக இருந்தார். 1858இல் சென்னையில் ஞானஸ்நானம் எடுத்தார். ஹென்றி ஆல்பிரட் என்று பெயர் சேர்ந்துகொண்டது, ஆனால் கம்பனை அவர் விட்டுவிட்டு வரவில்லை. அவர் பாடிய இரட்சணிய யாத்திரிகக் காவியத்தைப் படிக்கிறவர்களுக்கு அது தெரியும். வைணவ வீட்டில் கற்ற உருக்கம் அப்படியே இயேசுவின் முன் வந்து நிற்கிறது. அவரை யாராவது உன் பழைய பாட்டெல்லாம் இருள் என்று சொல்லிக் கூப்பிட்டிருந்தால் இந்தப் பாட்டு நமக்குக் கிடைத்திருக்குமா? எனக்கு நம்பிக்கை இல்லை.

சட்டம் பற்றி எப்போதும் கேட்கிறார்கள், அதனால் ஒரு வார்த்தை. அரசியல் சாசனத்தின் 25ஆவது பிரிவு மதத்தைப் பின்பற்ற மட்டுமல்ல, பரப்பவும் உரிமை தருகிறது. ஆனால் பரப்பும் உரிமைக்குள் ஒருவரை மதம் மாற்றும் உரிமை அடங்காது என்று 1977இல் உச்ச நீதிமன்றம் சொன்னது. 2002இல் தமிழ்நாட்டில் கட்டாய மதமாற்றத் தடைச் சட்டம் வந்தபோது சபைகள் கொதித்தன, 2004இல் அது விலக்கிக்கொள்ளப்பட்டது. அந்தச் சட்டத்தை நானும் எதிர்த்தேன், அது யார்மேல் பாயும் என்று தெரியும். ஆனால் ஆஸ்பத்திரிக் கட்டிலில் வலியில் கிடப்பவரிடம் போய், எங்கள் சாமியைக் கும்பிட்டால் சரியாகிவிடும் என்று சொல்லும் நம் ஆட்களைச் சட்டம் இல்லாமலே நாம் நிறுத்த வேண்டும். கட்டிலில் கிடப்பவரால் எழுந்து போக முடியாது. எழுந்து போக முடியாதவரிடம் கேட்கும் சம்மதம் எனக்குச் சம்மதமாகத் தெரியவில்லை. அவருக்குக் கஞ்சி கொண்டுபோகலாம், அவர் கேட்டால் ஜெபிக்கலாம்.

இதெல்லாம் பேசுகிறேன் என்பதால், நீங்களே ஒரு கைப்பிரதி எழுதிக் கொடுங்கள் டீச்சர் என்று எங்கள் ஊழியக் குழுவினர் கேட்டார்கள். எழுதினேன். பதினெட்டு வருஷம் கூனியாக இருந்த ஒரு பெண்ணை இயேசு நிமிர்த்தினாரே, லூக்கா 13, அந்தக் கதையை அப்படியே சொன்னேன். எங்கள் ஆச்சி வீட்டுக் கதையையும் இரண்டு வரி சேர்த்தேன். இருள், அஞ்ஞானம், நரகம் என்ற வார்த்தைகள் இல்லை. கடைசியில் என் பெயரும் போன் நம்பரும் போட்டு, இதைப் பற்றிப் பேச வேண்டும் என்றால் கூப்பிடுங்கள், உங்கள் நம்பிக்கையைப் பற்றியும் கேட்க எனக்கு விருப்பம் என்று எழுதினேன். குழுவில் அந்தக் கடைசி வரிதான் பிரச்சினையாகிவிட்டது. அவர்கள் நம்பிக்கையை நாம் ஏன் கேட்க வேண்டும், அதற்கா பிரதி அச்சடிக்கிறோம் என்கிறார்கள். சாந்தத்தோடும் வணக்கத்தோடும் உத்தரவு, அதாவது பதில், சொல்லுங்கள் என்ற பேதுருவின் வசனத்தைக் காட்டினேன். அது கேட்கிறவர்களுக்கு உத்தரவு சொல்வது, நாம் போய்க் கேட்பது இல்லை என்று தம்பி ஒருவர் மடக்கினார். நல்ல பாயிண்ட்தான். அடுத்த கமிட்டியில் பேசி முடிவெடுக்கலாம் என்று எங்கள் சபைப் போதகர் ஐயர் சொல்லியிருக்கிறார். இப்போதைக்கு என் பக்கம் ஆள் குறைவு.